பலகையும் பிளவும்

திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையில் ஏறியவர்களுக்குக் கடப்பாரைப் படி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அறைந்து, கைப்பிடிக்குச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். பக்தர்கள் அதில் கால்வைத்து மல்லிகார்ஜுனரைப் பார்க்கப் போகிறார்கள். அப்படி ஏறினால் அது ஏற்றம்தானா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இலங்கையின் சிவனொளிபாத மலையில் பாறையோடு பிணைத்த சங்கிலிகளை 14ஆம் நூற்றாண்டிலேயே பயணி இபன் பதூதா குறித்துவைத்திருக்கிறார். அங்கேயும் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. மேலே தெய்வம் இருக்கிறது, போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆல்ப்ஸில் அதே இரும்பு நூறாண்டுக்கும் மேலாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. 1911இல் பவுல் ப்ரொய்ஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் மலையேற்றத்தில் செயற்கை உதவிகளுக்கு எதிராக எழுதிய கட்டுரை அன்றைய ஏறுநர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தது. பாறையில் அடிக்கும் ஆணி ஆபத்தில் கைகொடுக்கலாம். அதையே நம்பி ஏறக் கூடாது. எந்த வழியில் ஏறுகிறாயோ அதே வழியில் இறங்கவும் உனக்குத் திறமை இருக்க வேண்டும். இதுதான் அவர் கட்சி. 1913இல் தனியாக ஏறிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார், வயது 27. அவர் மரணத்தை இரு அணியும் தத்தம் வாதத்துக்குச் சாட்சியாக்கிக்கொண்டன. 1968இல் மலையேறுநர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் அதே வழக்கை மறுபடி எடுத்தார். துளைபோட்டு ஆணி இறக்கினால் எந்தச் சுவரிலும் ஏறிவிடலாம். அப்படியானால் 'முடியாதது' என்று மலையில் எதுவுமே மிஞ்சாதே என்பது அவர் கவலை.

இருவருமே பேசியது தேர்ந்த ஏறுநர்களைப் பற்றி. நடப்பவர்களுக்காகவே இரும்பு போட்ட பாதைகளைப் பற்றி அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துவைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு பாதையை எடுத்துக்கொண்டு அடி முதல் உச்சி வரை பார்க்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனியின் மிக உயர்ந்த சிகரமான ட்சுக்‌ஷ்பிட்ஸவுக்கு (2,962 மீட்டர்) ஹோலென்டால் வழியாகப் போகும் பாதை. ஹோலென்டால் என்பதை அப்படியே பிரித்தால் நரகப் பள்ளத்தாக்கு.

முதலில் பெயர். பாறையில் கம்பிவடமும் படிக்கம்பிகளும் பொருத்திய வழியை ஜெர்மானியர் 'கிளெட்டர்ஷ்டைக்' என்கிறார்கள், தொற்றி ஏறும் தடம் என்று பொருள். இத்தாலியர் வைத்த பெயர் 'வியா ஃபெர்ராட்டா', அதாவது இரும்பிட்ட வழி. தமிழில் இருப்புப்பாதை என்று சொன்னால் ரயில்தான் வந்து நிற்கும். இத்தாலியிலும் கதை ஏறக்குறைய அதேதான். அந்த இரண்டு சொற்களைத் திருப்பிப் போட்டு 'ஃபெர்ரோவியா' என்றால் அங்கே ரயில். நான் இங்கே வடத்தடம் என்று எழுதுகிறேன்.

இந்தத் தடங்கள் முதல் உலகப் போரில் டோலமைட் மலைகளில் படைவீரர்களுக்காகப் பிறந்தவை என்று அடிக்கடி எழுதப்படுகிறது. பாதிதான் உண்மை. போர் பல தடங்களைத் தந்தது. ஆனால் ஆஸ்திரியாவின் டாஹ்ஷ்டைன் மலையில் புவியியலாளர் ஃப்ரீட்ரிஹ் சிமோனி 1843இலேயே இரும்பு பொருத்தச் செய்துவிட்டார். ஹோலென்டாலிலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே இரும்பு ஏறிவிட்டது. அந்த வழியில் முதன்முதலாக உச்சியை எட்டியது 1876இல். இரும்பு அதற்குப் பின்னால் வந்தது, சுற்றுலாப் பயணிகளுக்காக. இது தீர்ப்புக்கு முக்கியம். போர்க்காலத் தடத்துக்குக் கட்டாயம் என்ற சமாதானம் உண்டு. இந்தப் பாதைக்கு அது கிடையாது. இது விருப்பத்துக்காகப் போட்ட இரும்பு. விருப்பத்தின் தராசில்தான் அதை நிறுக்க வேண்டும்.

இரும்பில்லாத வழியே இந்த மலைக்கு இல்லையா என்றால், கிட்டத்தட்ட அப்படி ஒன்று உண்டு. 1820 ஆகஸ்ட் 27 அன்று பவேரிய நில அளவைப் பணியில் இருந்த லெப்டினன்ட் யோசெஃப் நவுஸ், தன் உதவியாளோடும் உள்ளூர் வழிகாட்டியோடும் முதன்முதலாக இந்தச் சிகரத்தைத் தொட்டது ரைன்டால் என்னும் நீண்ட பள்ளத்தாக்கு வழியாக. இன்றும் நல்ல நடைக்காரர் அப்படிப் போகலாம். சுமார் 21 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் கொஞ்சம் வடம். ஆகவே ஹோலென்டாலுக்குப் போகிறவர் வேறு வழியில்லாமல் போகவில்லை. அந்தச் சுவரையும் அந்தப் பனியாற்றையும் விரும்பியே போகிறார்.

ஹம்மர்ஸ்பாக் என்ற சிற்றூரில், 760 மீட்டர் உயரத்தில், பாதை தொடங்குகிறது. உச்சிக்கு ஏற வேண்டிய உயரம் 2,200 மீட்டர். ஏழெட்டு மணி நேரம். முதலில் வருவது மலையிடுக்கு. பாறையைக் குடைந்த சுரங்கவழிகளும் மரப்பாலங்களும் அமைத்து 1905இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் வருபவரின் பேச்சுக் கேட்காது. பெரியவர்களும் குழந்தைகளும் கட்டணம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம். இந்தப் பகுதியில் கஷ்டம் என்று ஒன்றுமில்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் பெருமழைக்குப் பின் இதே இடுக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து உயிரைக் கொண்டுபோயிற்று. எளிய இடம், பாதுகாப்பான இடம் என்ற இரண்டும் வேறு வேறு என்பதை இந்தப் பாதை தன் வாசலிலேயே சொல்லிவிடுகிறது. கேட்டுக்கொண்டு போகிறவர் குறைவு.

இடுக்கைத் தாண்டினால் பள்ளத்தாக்கு அகன்று, 1,390 மீட்டர் அளவில் ஆல்ப்ஸ் சங்கத்தின் தங்குமனை வருகிறது. 2015இல் புதிதாகக் கட்டித் திறந்தது. பலர் இரவு இங்கே தங்கி விடியுமுன் கிளம்புகிறார்கள். அதன்பின் சுமார் ஒரு மணி நேரத்தில் இரும்பு தொடங்குகிறது. முதலில் பாறையில் அடித்த படிக்கம்பிகளால் ஆன 'ஏணி'. அதையடுத்து, இந்தப் பாதைக்கு முகமாகிப்போன 'பிரெட்'.

பிரெட் என்றால் பலகை. பெயரில்தான் பலகை. வழவழப்பான பாறைச் சுவரில் வரிசையாக இரும்பு முளைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மேலே கைக்கு ஒரு வடம். கீழே வெறும் வெளி. முளை மேல் முளையாகக் கால்வைத்துப் பக்கவாட்டில் கடக்க வேண்டும். பருவதமலைக் கடப்பாரைப் படியைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் இதுதான். ஹோலென்டாலைப் பற்றிய புகைப்படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இடத்தில் எடுத்தவை. பார்த்தவர்கள் இதைக் கடந்துவிட்டால் மலையைக் கடந்தாயிற்று என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

என் முதல் குற்றச்சாட்டு இங்கேதான். பலகை பயமுறுத்துகிறது, ஆனால் எதையும் சோதிப்பதில்லை. முளைகள் உறுதியானவை, இடைவெளி சிறியது, கைக்கு வடம் இருக்கிறது. தலைசுற்றல் இல்லாத யாரும் இதைக் கடந்துவிடலாம். தோள்வலிமை வேண்டாம், மூச்சு வேண்டாம், மலையறிவு வேண்டாம். வடத்தடம் அமைப்பவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு: மிகக் கடினமான நகர்வைத் தடத்தின் தொடக்கத்திலேயே வைப்பார்கள். முடியாதவர் களைப்படையுமுன் அங்கேயே திரும்பிவிடுவார். பலகை அந்த வாயிற்காவலன் வேலையைச் செய்வதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது தைரியசாலியை உள்ளே விட்டுவிட்டுப் பயந்தவரைத் திருப்பி அனுப்புகிறது. மேலே வரப்போவதற்குத் தேவைப்படுவது தைரியமே அல்ல.

வடத்தோடு நம்மைப் பிணைக்கும் கருவியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பொய்யான நம்பிக்கையின் இன்னொரு ஊற்று அது. இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு வார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் காரபைனர் என்னும் கொக்கி வளையம். வடம் பாறையில் முளையடித்துப் பொருத்திய ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, பிறகு இரண்டாவதை மாற்ற வேண்டும். ஏதேனும் ஒன்று எப்போதும் வடத்தில் இருக்கும். ஆனால் செங்குத்தான இடத்தில் விழுந்தால் காரபைனர் வடத்தில் வழுக்கிக்கொண்டு அடுத்த பொருத்துமுளை வரை போய்த்தான் நிற்கும். அதற்குள் நாலைந்து மீட்டர் விழுந்திருப்போம். அந்த வேகம் முழுவதையும் தாங்க வேண்டியது ஒரு மீட்டர் வார். கயிற்று ஏற்றத்தில் விழுந்த தூரம் கயிற்றின் நீளத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. இங்கே ஐந்து மடங்குகூட ஆகலாம். அதனால்தான் வாரின் அடியில் தையல் பிரிந்து வேகத்தை உறிஞ்சும் ஒரு பொதி இருக்கிறது. இன்றைய ஐரோப்பியத் தரவிதி 40 முதல் 120 கிலோ எடையுள்ளவர்களுக்கென்று அதை வரையறுக்கிறது. 2012இல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் ஒருவர் விழுந்தபோது இரண்டு வார்களும் அறுந்தன. அதன்பின் ஏராளமான கருவிகளைத் தயாரிப்பாளர்கள் திரும்பப் பெற்றார்கள். இப்போதுள்ளவை மேம்பட்டவை. ஆனாலும் அவை உயிரைக் காக்கப் பார்க்குமே தவிர உடம்பைக் காக்காது. விழும் வழியில் கணுக்காலும் முழங்காலும் மோதுவது அதே இரும்புப் படிகளில்தான். விழாமல் இருக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கருவி. வாடகைக்கு எடுத்து இடுப்பில் மாட்டியதும் விழலாம் என்ற உரிமை கிடைத்துவிடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தின் விபத்துக் கணக்குகள் ஆண்டுதோறும் காட்டுவது, வடத்தடங்களில் மீட்கப்படுபவர்களில் விழுந்தவர்களைவிட, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நின்றுவிட்டவர்களே அதிகம் என்பது. கை சோர்ந்து, மனம் உறைந்து, வடத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்பவர்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது இரும்புதான். ப்ரொய்ஸ் கேட்டதும் இதைத்தான்: திரும்பி இறங்கத் தெரியுமா? நூறாண்டு கழித்து மீட்புக்காரர்களின் கணக்கேடு அவர் பக்கம் சாய்கிறது.

பலகைக்கு மேலே இரும்பு முடிந்துபோகிறது. புல்மேடு, சரளைக் கற்கள், பிறகு பனியாறு. ஹோலென்டால்ஃபெர்னர் என்னும் இது சிறியது, இருபது ஹெக்டேருக்கும் குறைவு. பவேரியாவில் பனியாறு என்று சொல்லத்தக்கவை இன்று நான்கே. தெற்கு ஷ்னேஃபெர்னர் 2022இல் அந்தத் தகுதியை இழந்தது. ஹோலென்டால்ஃபெர்னர் இன்னும் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் மூன்று பக்கமும் நிற்கும் சுவர்கள். வெயிலை மறைத்து, குளிர்காலத்துப் பனிச்சரிவுகளை வாங்கி வாங்கி இதன்மேல் கொட்டுகின்றன. கோடையின் தொடக்கத்தில் மேலே மென்பனி இருக்கும், கால் பதியும். ஆகஸ்டுக்குப் பின் கீழிருக்கும் வெற்றுப்பனிக்கட்டி வெளியே வந்து கண்ணாடியாகிவிடும். காலணிக்கடியில் கட்டும் முட்கருவியான கிராம்பான் இல்லாமல் அதில் ஏறுவது தற்கொலைக்குச் சமம். பனிப்பிளவுகளும் உண்டு.

பனியாற்றின் மேல்விளிம்பில் பாதையின் உண்மையான கதவு இருக்கிறது. பாறை வெயிலில் சூடாகி அருகிலுள்ள பனியை உருக்க, பனிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பிளவு விழுகிறது. 'ராண்ட்க்ளுஃப்ட்' என்கிறார்கள், விளிம்புப் பிளவு. பனியின் ஓரத்திலிருந்து, கீழே இருட்டாகக் கிடக்கும் அந்த இடைவெளியைத் தாண்டி, ஈரமும் சரளையும் படிந்து வழுக்கும் பாறையில் காலூன்றி, மேலே தொடங்கும் வடத்தை எட்டிப் பிடிக்க வேண்டும். பனி அதிகமுள்ள வாரத்தில் ஓர் எட்டு. பனி குறைந்த வாரத்தில் அதுவே உண்மையான பாறையேற்றம். ஆண்டுக்கு ஆண்டு பனிமட்டம் இறங்குவதால் கீழே மழமழவென்று தேய்ந்த புதுப்பாறை வெளிவருகிறது. சென்ற ஆண்டு போனவர் சொல்லும் குறிப்பு இந்த ஆண்டுக்கு உதவாது.

இதைக் கடக்க என்ன வேண்டும்? கிராம்பானில் நடந்த பழக்கம், சமநிலை, அவசரத்தில் கயிறு போடத் தெரிவது, பனியின் நிலையைப் பார்த்து இன்று வேண்டாம் என்று சொல்லத் தெரிவது. பலகை இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. பிளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கிறது, அதுவும் 1,500 மீட்டருக்கு மேல் ஏறிக் களைத்த பிறகு. இதுவே இந்தப் பாதையின் அமைப்பில் நான் காணும் பெருங்குறை: சோதனைகள் வரிசை மாறி நிற்கின்றன. பொய்ச்சோதனை முன்னால், மெய்ச்சோதனை பின்னால். இரும்பின் மேலுள்ள பழி இரும்பு இருப்பதால் வருவதல்ல. அது முதலில் தோன்றி, பிறகு நடுவழியில் கைவிட்டு, பனியாற்றைத் தாண்டி மறுபடி வந்து கூப்பிடுவதால் வருவது. வடத்தில் மாட்டும் வாரை வாங்கியவருக்குக் கிராம்பான் நினைவுக்கு வராமல் போனதற்கு அவருடைய அசட்டுத்தனம் ஒரு காரணம்தான். 'வடத்தடம்' என்று பாதை தனக்கு வைத்துக்கொண்ட பெயரும் ஒரு காரணம். பனியாற்றுப் பாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தால் வருகிறவர்களின் மூட்டையே வேறாக இருந்திருக்கும்.

பிளவுக்கு மேலே ஐந்நூறு அறுநூறு மீட்டர் உயரத்துக்குச் சுவர். படிக்கம்பிகள் செறிந்த செங்குத்தான தொடக்கம், பிறகு வடமும் வெறும் பாறையும் மாறிமாறி. தொழில்நுட்பத்தில் நடுத்தரம், நீளத்தில் கொடுமை. மதியத்துக்குப் பின் இடிமின்னல் வந்தால் அந்த வடமே மின்னலுக்குப் பாதை. ஆனால் இந்தப் பகுதியின் அழகை மறைத்துத் தீர்ப்பெழுதினால் நான் நேர்மையற்றவன் ஆவேன். கையும் காலும் ஒரே தாளத்தில் நகர, கீழே பனியாறு ஒரு கைக்குட்டையாகச் சுருங்க, ஒரு கணவாய்விளிம்பை எட்டும்போது மறுபக்கம் ஐப்ஸே ஏரி திடீரென நீலமாகத் திறக்கிறது. வடம் இல்லையென்றால் கயிறும் துணையும் பல ஆண்டுப் பயிற்சியும் உள்ள சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்திருக்கும் காட்சி அது. நல்ல கால்களும் நல்ல புத்தியும் உள்ள ஒரு தச்சருக்கோ பள்ளி ஆசிரியைக்கோ இதைத் திறந்துவிட்டது இரும்பு. மெஸ்னரின் கவலை இதை ஈடுகட்டாது என்றே நினைக்கிறேன். முடியாததைக் காப்பாற்ற உலகில் எத்தனையோ சுவர்கள் மிச்சமிருக்கின்றன.

இரும்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்று பார்க்கப் பக்கத்திலேயே ஆல்ப்ஷ்பிட்ஸ (2,628 மீட்டர்) இருக்கிறது. ரோப் காரில் பாதி மலை ஏறிவிட்டு, தடத்தின் தொடக்கத்துக்குச் சற்று நடந்து, உச்சி வரை ஏறக்குறைய இடைவிடாத படிக்கம்பிகளிலும் வடத்திலும் போகலாம். பழகுவதற்கு நல்ல இடம்தான். ஆனால் அங்கே மலையோடு பேச வாய்ப்பே இல்லை, இரும்போடுதான் பேச்சு. எங்கே கால்வைப்பது என்ற கேள்வியை இன்னொருவர் முன்பே கேட்டு, பதிலைப் பாறையில் அறைந்துவிட்டுப் போயிருக்கிறார். ஹோலென்டாலில் அந்தக் கேள்வி பல இடங்களில் ஏறுபவரிடமே விடப்பட்டிருக்கிறது. அதற்காகவே அதை நான் பல மடங்கு மேலே வைப்பேன்.

உச்சியைப் பற்றி ஆல்ப்ஸ் ரசிகர்கள் சொல்லும் குறை கடுமையானது; அது நியாயமும்கூட. 1897இல் தங்குமனை, 1900இல் வானிலை நிலையம், 1926இல் ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து ரோப் கார், 1930இல் பற்சக்கர ரயில், 1963இல் ஐப்ஸே ரோப் கார். 2017 டிசம்பரில் அதற்குப் பதிலாக 127 மீட்டர் உயரத் தூண் ஒன்றை மட்டும் நம்பி 1,945 மீட்டர் உயரத்தைச் சுமார் பத்து நிமிடத்தில் கடக்கும் புதியது. மூன்று முகடுகளில் நடுவிலுள்ளது ரோப் கார் நிலையத்துக்குப் பலியானது. மேற்கு முகட்டை 1938இல் ஓர் இராணுவக் கட்டடத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள், கட்டடம் வரவேயில்லை. கிழக்கு முகடு மட்டும் பிழைத்திருக்கிறது. 1851இல் நட்ட பொற்சிலுவையின் வழி வந்த சிலுவை அதில்தான் நிற்கிறது.

எட்டு மணி நேரம் ஏறிவந்து காப்பிக் கடையில் முடிவது மனத்தை நோகடிக்கும். ஆனால் அழகுக்கேட்டைவிட ஆபத்தான ஒன்று இதில் இருக்கிறது. மேலே கடைசி ரோப் கார் காத்திருக்கிறது என்ற எண்ணம், களைத்தவரைப் பிளவின் முன்னே நின்று யோசிக்க விடாது. திரும்பினால் 1,500 மீட்டர் இறங்க வேண்டும். முன்னே போனால் இன்னும் கொஞ்சம்தான், அப்புறம் உட்கார்ந்தே போகலாம். ப்ரொய்ஸின் விதியை இந்த ஒரு வசதி தலைகீழாக்கிவிடுகிறது: இறங்கத் தெரியாதவர்தான் இங்கே மேலே போயாக வேண்டியவர் ஆகிறார். அதே ரோப் கார் தளர்ந்த முழங்கால்களோடு எத்தனையோ பேர் அந்தச் செங்குத்தில் இறங்காமல் காப்பாற்றுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் எனக்குத் தட்டு ரோப் காருக்கு எதிராகவே சாய்கிறது, கொஞ்சமாக.

ஆகவே என் தீர்ப்பு: ஹோலென்டால் பெரிய பாதை, அதன் இரும்பு நியாயமானது, இருக்கிற அளவு போதும், ஒரு முளைகூட அதிகமாக வேண்டாம். பனி இறங்க இறங்க, பிளவின்மேல் ஏணியை நீட்டு, வடத்தைக் கீழே இழு என்ற கோரிக்கை வலுக்கத்தான் போகிறது. அதற்கு இணங்கினால், பாதையில் மிச்சமிருக்கும் ஒரே உண்மையான சோதனையும் போய்விடும்; அதற்கு மேலுள்ள அறுநூறு மீட்டர் சுவரில் கை சோர்ந்து நிற்பவர்களின் எண்ணிக்கைதான் ஏறும். பிளவு கடக்க முடியாத நாளில் பாதை மூடியே கிடக்கட்டும். பனியாறே மறைந்தால், அதன்பின் அங்கே இருப்பது வேறொரு பாதை. அதற்கான வழக்கைப் புதிதாகத்தான் விசாரிக்க வேண்டும். மாற்ற வேண்டியது பாதையைப் பற்றிய பேச்சு. பலகையின் படத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிளவின் படத்தைப் போடுங்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் இடம் தங்குமனையின் வாசல். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி மூட்டையில் கிராம்பான் இருக்கிறதா என்பது. இரண்டாவது, இன்று காலை பனிமட்டம் எங்கே நிற்கிறது என்பது.

ஹோலென்டால் தடம் பார்வையாளர் தளத்துக்கு வருவதில்லை. நேராகச் சிலுவையின் காலடிக்குத்தான் வந்து சேர்கிறது. தளத்திலிருந்து சிலுவைக்குப் போகவும் சிறிது தூரம் ஓர் ஏணியும் வடமும் இருக்கின்றன. ரோப் காரில் வந்தவர்கள் சாதாரணச் செருப்போடும் கேமராவோடும் அதில் வரிசையில் நிற்பார்கள். மறுபக்கத்திலிருந்து தலைக்கவசம் ஒன்று எழும்பி, சுண்ணாம்புத் தூசி படிந்த கையொன்று கடைசி வடத்தை விடும். இரண்டு வரிசையும் அந்தச் சிலுவையடியில் சந்திக்கும். ஏணியில் யார் முதலில் இறங்குவது என்று சற்று நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.